கதிர்வீச்சுக் காட்டிலிருந்து ஒரு மிருகம்: மான்ஸ்டர் கதை எழுத வருபவர்களுக்குச் செர்னோபில் வழிகாட்டி

மான்ஸ்டர் கதை எழுத வருகிறவர்கள் பலரும் கதிர்வீச்சை ஒரே ஒரு வேலைக்குத்தான் கூப்பிடுகிறார்கள்: மிருகத்தைப் பெரிதாக்க. உலை வெடித்தது, பல்லி பத்து மாடி உயரம் வளர்ந்தது, ஊரை மிதித்தது. வாசகர் படித்து முடிப்பார், ரசிக்கவும் செய்வார். ஆனால் ராத்திரி விளக்கை அணைக்கும்போது அந்தப் பல்லி அவர் நினைவுக்கு வராது.

செர்னோபில் காட்டில் உண்மையாக நடந்திருப்பது அதைவிட விசித்திரமானது. அங்கே எதுவும் ராட்சத உருவம் எடுக்கவில்லை. ஆனால் தவளைகள் கறுத்திருக்கின்றன. வெடித்த உலையின் சுவரிலேயே பூஞ்சை படர்ந்திருக்கிறது. சில இடங்களில் உதிர்ந்த இலை மக்கத் தாமதிக்கிறது. ஆள் போன ஊர்களில் ஓநாய் பெருகியிருக்கிறது. இவற்றிலிருந்து நம்பும்படியான, பயமுறுத்தும் ஒரு மிருகத்தை எப்படி உருவாக்குவது என்று படிப்படியாகச் சொல்கிறேன். அறிவியல் பட்டம் தேவையில்லை. உட்கார்ந்து கொஞ்சம் கணக்குப் போட மனம் இருந்தால் போதும்.

படி 1: இடத்தைக் கையில் பிடியுங்கள்

1986 ஏப்ரல் 26, அதிகாலை 1:23. அன்றைய சோவியத் உக்ரைனில் செர்னோபில் அணுமின் நிலையத்தின் 4-ஆம் உலை வெடித்தது. சுமார் 3 கிலோமீட்டர் தள்ளி இருந்த ப்ரிப்யத் நகரத்தின் மக்கள், ஏறத்தாழ 49,000 பேர், மறுநாள் பேருந்துகளில் ஏற்றி அனுப்பப்பட்டார்கள். உலையைச் சுற்றி 30 கிலோமீட்டர் வரை ஊர்கள் காலியாயின. இன்றைக்கு உக்ரைன் பக்கம் சுமார் 2,600 சதுர கிலோமீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி. எல்லைக்கு அப்பால் பெலாரஸில் 1988-இல் உருவாக்கிய போலேசியே கதிரியக்கச் சூழலியல் காப்பகம் அதற்குச் சற்றே சிறியது.

காட்சிக்கு உதவும் விவரங்களைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். உலைக்கு மேற்கே இருந்த பைன் காடு சில வாரங்களிலேயே பட்டுப்போய்ச் செம்பழுப்பு நிறத்துக்கு மாறியது. 'சிவப்புக் காடு' என்ற பெயர் அப்படி வந்தது. பட்ட மரங்களை இடித்துத் தள்ளி, பள்ளம் தோண்டிப் புதைத்தார்கள். அதே மண்ணில் பிர்ச் மரங்கள் அவ்வளவாகச் சாகவில்லை. பைன் கதிர்வீச்சைத் தாங்காத மரம், பிர்ச் தாங்கும். ஒரே காற்று, ஒரே மேகம், ஒரு மரம் செத்தது, பக்கத்து மரம் நின்றது. உங்கள் கதையில் யார் சாகிறார்கள், யார் பிழைக்கிறார்கள் என்பதற்கு இந்த இரண்டு மரங்களையும் அடிக்கடி நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, கதிர்வீச்சு அங்கே எல்லா இடத்திலும் சமமாக இல்லை. செர்னோபில் ஊருக்குள் கருவியில் தெரியும் அளவு பல சாதாரண நகரங்களின் அளவுதான். சிவப்புக் காட்டுக்குள் சில புள்ளிகளில் அது பல நூறு மடங்கு ஏறும். பத்தடி நடந்தால் எண் மாறும். காடு முழுவதும் பச்சையாக மின்னுவது போல எழுதாதீர்கள். எந்தப் பத்தடியில் ஆபத்து என்று தெரியாத நடைதான் உங்கள் கதைக்கு வேண்டிய பதற்றம்.

படி 2: மண்ணில் கிடப்பது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்

வெறுமனே 'கதிர்வீச்சு' என்று எழுதினால் அது மாயம் ஆகிவிடும். பெயர் சொல்லுங்கள். முதல் வாரங்களில் அயோடின்-131 பெரிய ஆபத்து. அதன் அரை ஆயுள் (பாதியாகக் குறைய ஆகும் காலம்) 8 நாள், எனவே அந்தக் கோடைக்குள் அது தீர்ந்துவிட்டது. இன்றுவரை நீடிப்பவை சீசியம்-137, ஸ்ட்ரான்ஷியம்-90. இரண்டின் அரை ஆயுளும் ஏறத்தாழ 30 ஆண்டு.

உடலுக்குள் இவை நுழையும் விதம் கதாசிரியருக்குப் பொக்கிஷம். சீசியத்தை உடல் பொட்டாசியம் என்று எடுத்துக்கொள்கிறது, தசையில் சேர்க்கிறது. ஸ்ட்ரான்ஷியத்தைக் கால்சியம் என்று நம்பி எலும்பில் வைக்கிறது. செடியும் ஏமாறுகிறது, காளானும் ஏமாறுகிறது, அவற்றைத் தின்னும் விலங்கும் ஏமாறுகிறது.

ஜெர்மனியின் பவேரியாவில் காட்டுப்பன்றி இறைச்சி இன்றும் சில நேரம் விற்பனைக்கான வரம்பைத் தாண்டிவிடுகிறது. அங்கே கிலோவுக்கு 600 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) வரை அனுமதி. மான் இறைச்சியில் அளவு குறைந்துபோனது, பன்றியில் குறையவில்லை. காரணம், குளிர்காலத்தில் பன்றிகள் மண்ணுக்கடியில் வளரும் ஒருவகைக் கிழங்குக் காளானைத் தோண்டித் தின்கின்றன. மேல்மண்ணிலிருந்து சீசியம் மெதுவாகக் கீழே இறங்கி அந்தக் காளானில் சேர்கிறது. 2023-இல் வெளியான ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: அந்தப் பன்றிகளில் உள்ள சீசியத்தில் செர்னோபிலின் பங்கோடு, 1950, 60-களில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளின் பங்கும் கணிசமாக இருக்கிறது. பாட்டன் காலத்து வெடிகுண்டு இன்றைய பன்றியின் தொடைக்கறியில் இருக்கிறது! இந்த விவரத்தைக் கதையில் எந்த இடத்தில் வைத்தாலும் அது வேலை செய்யும்.

படி 3: தவளை எப்படிக் கறுத்தது என்று புரிந்துகொள்ளுங்கள்

எல்லாப் படிகளிலும் இதுதான் முக்கியம். இங்கே அவசரப்பட்டால் மிருகம் பொம்மையாகிவிடும்.

கிழக்கு மரத்தவளை பொதுவாகப் பளிச்சென்ற பச்சை. ஸ்பெயினைச் சேர்ந்த ஹெர்மன் ஒரிசாவோலாவும் பாப்லோ புராகோவும் 2017 முதல் 2019 வரை, செர்னோபில் பகுதிக்கு உள்ளும் வெளியிலுமாக 12 குளங்களில் 200-க்கும் மேற்பட்ட ஆண் தவளைகளைப் பிடித்து நிறத்தை அளந்தார்கள். 2022-இல் முடிவு வெளியானது. உள்ளே இருந்த தவளைகள் வெளியே இருந்தவற்றைவிடச் சராசரியாக 40 சதவீதத்துக்கும் மேல் கறுத்திருந்தன. சில முழுக் கறுப்பு.

இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டியது, இன்றைய கதிர்வீச்சு அளவுக்கும் தவளையின் நிறத்துக்கும் தொடர்பு தெரியவில்லை என்பது. விபத்து நடந்த காலத்தில் எங்கெல்லாம் கதிர்வீச்சு கடுமையாக இருந்ததோ, அந்தப் பகுதிகளுக்கு அருகேதான் கறுப்புத் தவளைகள் அதிகம். ஆய்வாளர்கள் தரும் விளக்கம் இது. விபத்துக்கு முன்பே அங்கே சில தவளைகள் கறுப்பாகத்தான் இருந்திருக்கும், சிறுபான்மையாக. தோலில் உள்ள மெலனின் என்ற நிறமி கதிர்வீச்சின் ஆற்றலை உறிஞ்சி, செல்லுக்குள் நடக்கும் சேதத்தைக் குறைக்கக்கூடியது. 1986-இல் பச்சைத் தவளைகள் அதிகம் செத்திருக்கும். கறுப்பில் கொஞ்சம் அதிகம் பிழைத்து, கொஞ்சம் அதிகம் முட்டையிட்டிருக்கும். அதன் பிறகு பத்துக்கும் மேற்பட்ட தலைமுறைகள் கடந்துவிட்டன. சிறுபான்மை பெரும்பான்மை ஆனது.

அதாவது எந்தத் தவளையும் கதிர்வீச்சு பட்டுக் கறுத்துப்போகவில்லை. பச்சையாகப் பிறந்தது பச்சையாகவே செத்தது. மாறியது கூட்டம். தனி உயிருக்குக் கதிர்வீச்சு தருவது பெரும்பாலும் நோய், குறை, சாவு. கூட்டம் மாறுவதற்குப் பல சாவுகள் தேவை. பள்ளிப் புத்தகத்தில் இயற்கைத் தேர்வு என்று நாம் படித்தது இதைத்தான்.

அடுத்து வந்த செய்தி கதைக்காரருக்கு இன்னும் பெரிய பரிசு. இதே தவளைகளின் வயதையும், முதுமையின் அடையாளங்களையும், மன அழுத்த ஹார்மோனையும் ஆராய்ந்தபோது, இன்றைய கதிர்வீச்சால் அவற்றுக்குச் சொல்லத்தக்க பாதிப்பு எதுவும் தென்படவில்லை என்று 2024-இல் எழுதினார்கள். எந்த ஆபத்துக்காக அந்த உடல் தயாரானதோ அந்த ஆபத்து பெரும்பாலும் தணிந்துவிட்டது. தயாரான உடல் மட்டும் மிச்சம் இருக்கிறது. இந்த ஒரு வரியை வைத்தே ஒரு நாவல் எழுதலாம் என்பேன்.

படி 4: தலைமுறைக் கணக்குப் போடுங்கள்

ஒரு காகிதத்தில் உங்கள் உயிரைத் தேர்ந்தெடுத்து, அது எத்தனை வயதில் குட்டி போடும் என்று எழுதுங்கள். 1986-இலிருந்து 2026 வரை 40 ஆண்டு. காட்டெலிக்கு ஆண்டுக்கு இரண்டு மூன்று தலைமுறை என்றால் எண்பது தலைமுறைக்கு மேல். காட்டுப்பன்றி ஓரிரு வயதிலேயே குட்டி போடும். இருபது தலைமுறை தாராளமாக. ஓநாய்க்குப் பத்துப் பதினைந்து. மனிதருக்கு ஒன்றரை. பூஞ்சைக்கு இந்தக் கணக்கே பொருந்தாது, அவ்வளவு வேகம்.

இதில் ஒரு சட்டம் தானாகக் கிடைக்கிறது. மாற்றம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு சிறிய உயிரைத் தேர்ந்தெடுங்கள். யானை அளவு மிருகம் நாற்பது ஆண்டில் புது உறுப்பு பெற்றது என்றால் வாசகர் நம்ப மாட்டார். பூஞ்சை புதுப் பழக்கம் பெற்றது என்றால் நம்புவார். பெரிய மிருகம் கட்டாயம் வேண்டுமென்றால், சிறிய உயிரைப் பெரியதன் மேல் ஏற்றி விடுங்கள். நான் கீழே காட்டப்போகும் உதாரணம் அந்த வகை.

படி 5: ஒரு கதைக்கு ஒரு பொய்

இனி மிருகத்தை உருவாக்கலாம். உண்மையின் விளிம்புவரை நடந்துபோய், அங்கிருந்து ஒரே ஒரு அடி எடுத்து வையுங்கள். இரண்டாவது அடி வேண்டாம்.

நான் எடுத்துக்கொள்ளும் விளிம்பு பூஞ்சை. நெல்லி ஜ்தானோவா என்ற உக்ரைன் பூஞ்சை ஆய்வாளரும் அவர் குழுவும் வெடித்த உலையின் உட்புறச் சுவர்களில் கறுப்புப் பூஞ்சைகள் வளர்வதைக் கண்டறிந்தார்கள். அவற்றில் சில, கதிர்வீச்சு வரும் திசையை நோக்கித் தம் இழைகளை நீட்டின. 2007-இல் அமெரிக்காவில் எகடெரினா டடச்சோவா, ஆர்டூரோ கசடேவால் குழு, மெலனின் நிறைந்த பூஞ்சைகள் கதிர்வீச்சில் வேகமாக வளர்வதை ஆய்வுக்கூடத்தில் காட்டியது. பின்பு சர்வதேச விண்வெளி நிலையத்துக்கும் ஒரு வகையை அனுப்பி வளர்த்துப் பார்த்தார்கள். இந்தப் பூஞ்சை கதிர்வீச்சை உணவாகவே பயன்படுத்துகிறதா என்பது இதுவரை நிரூபிக்கப்படவில்லை. உண்மை இங்கே முடிகிறது.

நம் பொய்: ஆம், பயன்படுத்துகிறது. அது மட்டும்தான் பொய்.

இந்த ஒரு பொய்யிலிருந்து மற்றவை வரிசையாக விழ வேண்டும். அந்தப் பூஞ்சை மண்ணைக் கிளறும் காட்டுப்பன்றியின் மூக்குத் தோலில் குடியேறுகிறது என்று வையுங்கள். கதிர்வீச்சு அதிகம் உள்ள இடத்தில் பன்றி மேய்ந்தால் பூஞ்சை பெருகும். அப்படிப்பட்ட இடத்தைத் தேடிப் போகும் பன்றிகளே பூஞ்சையை அதிகம் பரப்பும். இருபது தலைமுறையில், கதிர்வீச்சு மிகுந்த மண்ணை நாடும் பன்றிக்கூட்டம் ஒன்று உருவாகிவிட்டது. அது எங்கே தோண்டும்? பைன் மரங்களைப் புதைத்த பள்ளங்களில்.

படி 6: மிருகத்துக்குப் பசி கொடுங்கள்

புதியவர்கள் மிருகத்துக்குப் பல், நகம், பலம் எல்லாம் கொடுத்துவிட்டு, அதற்கு என்ன வேண்டும் என்று கேட்க மறந்துவிடுகிறார்கள். நம் மிருகத்தின் பசிக்கு இயற்பியலே அட்டவணை போட்டுத் தந்திருக்கிறது. 1986-இல் சீசியம் நூறு பங்கு என்றால் 2016-இல் ஐம்பது. 2046-இல் இருபத்தைந்து. 2076-இல் பன்னிரண்டரை. ஒவ்வொரு முப்பது ஆண்டுக்கும் உணவு பாதியாகிறது. யாராலும் இதை நிறுத்த முடியாது, மிருகத்தாலும் முடியாது.

அப்புறம் அது என்ன செய்யும்? வெளியே வரும். மனித மாமிசம் தேடி வந்தால் அது சாதாரணக் கதை. நம் மிருகம் தேடுவது சீசியத்தை. சீசியம் மனிதர் ஊரில் எங்கே இருக்கிறது என்று யோசியுங்கள். அந்த வட்டாரக் காட்டு விறகை எரித்தால், மரத்தில் இருந்த சீசியமும் ஸ்ட்ரான்ஷியமும் சாம்பலில் செறிந்துவிடும். அடுப்புச் சாம்பலைத் தோட்டத்துக்கு உரமாகப் போடுவது கிராமத்துப் பழக்கம். அதைத் தாண்டினால் கழிவுக் கிடங்குகள். இன்னும் தூரம் போனால் கைவிடப்பட்ட பழைய மருத்துவக் கருவிகள். 1987-இல் பிரேசிலின் கொயானியா நகரத்தில், மூடிக்கிடந்த ஒரு மருத்துவமனையின் கதிர்சிகிச்சைக் கருவியை இரும்புக்காக உடைத்தார்கள். உள்ளே நீலமாக ஒளிர்ந்த தூள் சீசியம்-137. அழகாக இருக்கிறதென்று கையில் எடுத்துப் பார்த்தார்கள், உறவினருக்குப் பங்கு கொடுத்தார்கள். நான்கு பேர் இறந்தார்கள், 249 பேர் மேல் கதிரியக்கம் ஒட்டியிருந்தது. அந்தத் தூளின் வாசம் தெரிந்த ஒரு மிருகம் கதையில் இருந்தால், பழைய கருவி கிடக்கும் உலகத்தின் எந்த ஊரும் அதற்கு இலக்குதான்.

படி 7: விலையைச் சொல்லுங்கள்

எந்தத் தகவமைப்பும் இலவசமாக வராது என்ற உணர்வு உங்கள் எழுத்தில் இருக்கட்டும். செர்னோபிலில் சில தகைவிலான் (ஸ்வாலோ) பறவைகளில் வெள்ளைத் திட்டு இறகுகள், சில பறவைகளில் சற்றே சிறிய மூளை என்றெல்லாம் ஆய்வாளர்கள் ஆன்டர்ஸ் மொல்லரும் டிமோத்தி மூசோவும் பதிவு செய்திருக்கிறார்கள். மிகவும் மாசுபட்ட இடங்களில் உதிர்ந்த இலை மக்குவது சுமார் 40 சதவீதம் மந்தமானதையும் மூசோ குழு 2014-இல் அளந்தது. மக்க வைக்கும் நுண்ணுயிர்களும் பூச்சிகளும் அங்கே குறைந்திருந்தன. மக்காத இலை மெத்தையாகக் குவிந்தால் காட்டுத்தீ எளிது. தீ வந்தால் மண்ணில் உறங்கும் சீசியம் புகையில் ஏறும்.

நம் பன்றிகள் ஒல்லியாக இருக்கும். குட்டிகள் குறைவாகப் பிறக்கும், பிறந்ததில் பாதி பிழைக்காது. ரோமம் திட்டுத் திட்டாக உதிரும். அவை வெல்ல முடியாத மிருகங்களாக இருக்கக் கூடாது. நோயோடு வாழும் மிருகம் என்பதால்தான் வாசகருக்கு அதன்மேல் பயமும் இரக்கமும் சேர்ந்து வரும். அந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் வரவழைக்க முடிந்தால் நீங்கள் இந்த வகை எழுத்தின் பாதிக் கிணற்றைத் தாண்டிவிட்டீர்கள், மீதிப் பாதியையும் தாண்டியே ஆக வேண்டும்.

படி 8: ஆய்வாளர்களின் சண்டையைக் கதைக்குள் கொண்டுவாருங்கள்

செர்னோபில் விலங்குகள் நலமாக இருக்கின்றனவா என்பதில் விஞ்ஞானிகளே ஒத்துப்போவதில்லை. பெலாரஸ் பக்கம் மூஸ் என்ற பெரிய மான், காட்டுப்பன்றி, மற்ற மான்களின் எண்ணிக்கை மாசில்லாத காப்பகங்களுக்கு இணையாக இருப்பதையும், ஓநாய் ஏழு மடங்குக்கு மேல் இருப்பதையும் 2015-இல் வெளியான ஆய்வு காட்டியது. மனிதர் போனதே விலங்குகளுக்குப் பெரிய வரம் என்பது அந்தத் தரப்பு. எண்ணிக்கை பெருகுவதால் ஒவ்வொரு உயிரும் நலம் என்று பொருளாகாது, பூச்சியும் பறவையும் குறைந்த இடங்களைப் பாருங்கள் என்பது மறுதரப்பு. இரண்டு பக்கமும் நேர்மையானவர்கள். உங்கள் கதையில் இரண்டு ஆய்வாளர்கள் இருந்தால், அவர்களில் ஒருவரை முட்டாளாக்காதீர்கள்.

எலி ஆய்வு ஒன்று எனக்கு மிகவும் பிடித்த உதாரணம். செர்னோபில் எலிகளில் மரபணு மாற்ற வேகம் மிக அதிகம் என்று 1996-இல் ராபர்ட் பேக்கர் குழு எழுதியது. மறு ஆய்வில் அளவீட்டுப் பிழை தெரிந்ததும், 1997-இல் அவர்களே அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். புகழ் தந்த முடிவைத் தானே முன்வந்து மறுப்பவர். கதாநாயகனாக வைக்க இதைவிட நல்ல ஆள் கிடைப்பது கடினம்.

வதந்தியையும் கவனியுங்கள். 2025 அக்டோபரில் செர்னோபில் நாய்கள் சில நீல நிறத்தில் திரிந்த படங்கள் உலகம் சுற்றின. கதிர்வீச்சு என்று எல்லோரும் எழுதினார்கள். அங்கே நாய்களைப் பராமரிப்பவர்கள் சொன்னது வேறு: ரசாயனக் கழிப்பறையின் திரவத்தில் அவை புரண்டிருக்க வேண்டும். உலையின் குளிர்விப்புக் குளத்தில் உள்ள பெரிய கெளுத்திகளும் அப்படித்தான். அந்த இனம் இயல்பாகவே இரண்டு மீட்டரைத் தாண்டும், அங்கே அதைப் பிடிக்க ஆளில்லை. இப்படிப்பட்ட பொய் எச்சரிக்கைகள் இரண்டைக் கதையின் தொடக்கத்தில் வையுங்கள். மூன்றாவது தடவை உண்மையாக வரும்போது ஊரில் யாரும் நம்ப மாட்டார்கள்.

படி 9: மனிதரை மிருகமாக்காதீர்கள்

இதில் நான் கண்டிப்பாகவே இருப்பேன். செர்னோபிலில் கடும் கதிர்வீச்சு நோயால் 1986-இல் 28 பேர் இறந்தார்கள். சுத்தம் செய்யும் பணிக்கு சுமார் 6 லட்சம் பேர் அனுப்பப்பட்டார்கள். தடையை மீறி ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் வயதான பெண்கள், தங்கள் கிராமத்துக்கே திரும்பி வந்து தோட்டம் போட்டு வாழ்ந்தார்கள். நோயுற்ற அவர்களின் உடலை, அவர்களின் குழந்தைகளை, பயமுறுத்தும் உருவமாகக் கதையில் காட்டுவது கொடுமை. வெடிப்புக்குப் பின் அந்த மக்கள் போன ஊர்கள் பலவற்றில் ஒதுக்கப்பட்டார்கள். அந்த ஒதுக்கலுக்கு நம் கதை துணை போகக் கூடாது.

இந்த வகைக் கதையின் வேரிலேயே உண்மையான மனிதர்கள் இருக்கிறார்கள். 1954 மார்ச் 1 அன்று பிகினி பவளத்தீவில் அமெரிக்கா 15 மெகாடன் குண்டைச் சோதித்தது. தூரத்தில் சூரை பிடித்துக்கொண்டிருந்த ஒரு ஜப்பானியப் படகின் 23 பேர் மேல் வெள்ளைச் சாம்பல் விழுந்தது. படகின் வானொலிப் பணியாளர் அந்தச் செப்டம்பரில் இறந்தார். நவம்பரில் ஜப்பானியத் திரையில் கடலிலிருந்து காட்ஸில்லா என்ற ராட்சத மிருகம் எழுந்தது. அது பொழுதுபோக்காக மட்டும் எழவில்லை.

நம் ஊரில் கதை நடக்கட்டுமா என்று கேட்பவர்களுக்கு: கொல்லம் கடற்கரையிலும் கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சியிலும் மோனசைட் மணல் உண்டு. அதிலுள்ள தோரியத்தால் இயற்கையாகவே கதிர்வீச்சு கூடுதல். கேரளக் கடற்கரை எலிகளின் எலும்பை 1960-களில் ஆராய்ந்தவர்கள் தெளிவான வேறுபாடு எதையும் காணவில்லை. ஆகவே அங்கே மிருகம் வைத்தால் அறிவியல் உங்கள் பக்கம் நிற்காது. அந்தக் கரைகளில் வாழும் மக்களை மனதில் வைத்து எழுதுங்கள்.

படி 10: முதல் காட்சியைச் சிறியதாக எழுதுங்கள்

மிருகத்தை முழுதாகக் காட்டாதீர்கள். அது செய்யும் ஒரே ஒரு விபரீதமான காரியத்தைக் காட்டுங்கள். நம் உதாரணத்துக்கு ஒரு தொடக்கம்:

"உருளைக்கிழங்குப் பாத்தியை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வேலியோரம் நேற்று அடுப்புச் சாம்பல் கொட்டிய குழிக்கு நேரே போனது. கறுத்த மூக்கை அதற்குள் விட்டு, அசையாமல் நின்றது. கிழவி ஜன்னலருகே இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். காட்டுப்பன்றி அவளுக்குப் புதிதல்ல. தோட்டத்தை நாசம் செய்தவற்றை விளக்குமாற்றால் விரட்டியிருக்கிறாள். பசித்த பன்றி கிழங்கை விட்டுச் சாம்பலைத் தின்று அவள் பார்த்ததில்லை. அது தலையைத் தூக்கியது. அவளைப் பார்க்கவில்லை. உள்ளே, அவள் பின்னால், இன்னும் எரிந்துகொண்டிருந்த அடுப்பைப் பார்த்தது."

ரத்தம் இல்லை, உறுமல் இல்லை. சாம்பலுக்கு என்ன விசேஷம் என்ற கேள்வி மட்டும் இருக்கிறது. அந்தக் கேள்விக்கான பதிலை ஐந்தாறு பக்கம் தள்ளிப் போடுங்கள். கருவி கதறும் சத்தத்தையும் உடனே கொண்டுவராதீர்கள். கதிர்வீச்சுக்கு நிறமில்லை, மணமில்லை, சூடில்லை. ஒரு பாத்திரத்தின் கையில் உள்ள எண் காட்டும் சிறு கருவி மட்டுமே அதைக் காட்டும். அந்தக் கருவியை ஒருவரிடம் மட்டும் கொடுங்கள். பேட்டரி தீரட்டும்.

எழுதி முடித்ததும்

வரைவைச் சில நாள் தள்ளி வைத்துவிட்டு, இந்தக் கேள்விகளோடு திரும்பிப் படியுங்கள். தனி மிருகம் கதிர்வீச்சு பட்டு அந்த நிமிடமே மாறுகிறதா? மாறினால் 3-ஆம் படிக்குத் திரும்புங்கள். பொய் ஒன்றுதானா? இரண்டாவது பொய் எங்கேயாவது நுழைந்திருந்தால் வெட்டுங்கள், அது எவ்வளவு அழகான பத்தியாக இருந்தாலும். அளவுகள் சரியா? மனிதரில் பாதிப் பேரைக் கொல்ல 4 முதல் 5 கிரே (உடல் ஏற்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) போதும். டைனோகாக்கஸ் ரேடியோடியூரன்ஸ் என்ற பாக்டீரியா 5,000 கிரேயைத் தாங்கும். உங்கள் மிருகம் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்கிறது என்று ஓர் எண் எழுதி வையுங்கள், கதையில் அந்த எண் வராவிட்டாலும் பரவாயில்லை.

கதை நடக்கும் ஆண்டையும் சரிபாருங்கள். 2016-க்குப் பிறகு என்றால் உலையின் மேல் பெரிய எஃகு வளைவு மூடி இருக்க வேண்டும். 2022 பிப்ரவரிக்குப் பிறகு என்றால் அந்தக் காட்டுக்குள் போர் வந்து போயிருக்கிறது, கண்ணிவெடி இருக்கிறது. ஆய்வாளர்கள் நினைத்த இடத்துக்கு நடக்க முடியாது. 2025 பிப்ரவரிக்குப் பிறகு என்றால் அந்த வளைவு மூடியை ட்ரோன் தாக்கி ஓட்டை போட்டிருக்கிறது. கடைசியாக, உயிரியல் படித்த ஒருவரிடமும், அறிவியலே பிடிக்காத ஒருவரிடமும் கொடுங்கள். முதலாமவர் எந்த இடத்தில் நிறுத்திக் கேள்வி கேட்கிறார் என்றும், இரண்டாமவர் எந்தப் பக்கத்தில் படிப்பதை விட்டார் என்றும் குறித்து வாங்கிக்கொண்டு, அடுத்த வரைவைத் தொடங்குங்கள்.